பொட்டல மாத்திரை

முனியராஜ் ஓட்டுகிற வேனுக்கு மூன்று ஹாரன்தான் சட்டம். தெருமுனையில் முதல் ஹாரன் அடித்தால் தூக்குச்சட்டி கைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாவதுக்கு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றாவதை அடித்த கையோடு கியரைப் போட்டுவிடுவான். அதற்குப் பிறகு யார் ஓடிவந்தாலும் கண்ணாடியில் பார்ப்பானே தவிர பிரேக்கை மிதிக்க மாட்டான்.

ஆமத்தூருக்குத் தெற்கே நாலு ஊர், பதினெட்டுப் பெண்கள். எல்லாரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம். வெயில் ஏறுவதற்குள் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற வேலையை முடித்தாக வேண்டும். ஒருத்தி பிந்தினால் மற்ற மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். போர்மேன் அருள்பாண்டி வாட்ச் கட்டிய கையைத் தூக்கிக் காட்டியபடி கேட்டிலேயே நிற்பார். அந்தக் கைக்குப் பயந்து வைத்த சட்டம் அது.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலையில், மூன்றாவது ஹாரன் அவன் வீட்டு வாசலிலேயே அடித்தது. அவன் பொண்டாட்டி பொன்மணிக்கும் அதே கம்பெனிதான். தலையை விரித்துப் போட்டபடி வாசல்படியில் நின்றாள். சடையைப் பாதி பின்னி விட்டிருந்தாள்.

"விரலு மடங்க மாட்டேங்குதுங்க. பின்ன முடியல. ஒரு நிமிசம் நில்லுங்க" என்றாள்.

வேனுக்குள்ளிருந்து சின்னத்தாய் குரல் கொடுத்தாள். பொன்மணியின் ரூம்காரி அவள். "ஏண்ணே, எங்களுக்கு விடிஞ்சிருச்சு. உங்க வீட்டு மகராணிக்கு மட்டும் எட்டு மணிக்குத்தான் விடியுமோ?"

பதினேழு பேரும் சிரித்தார்கள். முனியராஜுக்குக் காது சுட்டது. ஹாரனை அமுக்கிவிட்டு வண்டியை எடுத்தான். கண்ணாடியில் பார்த்தான். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் பத்தடி ஓடிவந்து நின்றுவிட்டாள். அன்று ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, ஒன்பது மணிக்குக் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். அருள்பாண்டி அவளை ஒன்றும் சொல்லவில்லை. முனியராஜின் தோளில் தட்டி, "பொண்டாட்டின்னும் பாக்கல பாத்தியா. இவந்தாம்லே டிரைவரு" என்றார். அந்தச் சொல்லை முனியராஜ் ஒரு மாசம் டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தான்.

விரல் மடங்காதது அவளுக்குத் தினசரி வாதையாகிப் போனது. விடியற்காலையில் எழுந்தால் இரண்டு கையும் சிமெண்ட் ஊற்றியது போல இறுகிக் கிடக்கும். அடுப்புத் திருகைத் திருக முடியாது. வெந்நீரில் கையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பதினோரு மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மத்தியானம் பார்த்தால் மற்றவர்களைப் போலத்தான் இருப்பாள். அதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது. காலையில் ஆகாத கை மத்தியானம் மட்டும் எப்படி ஆகும் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் முதல் ஆள் முனியராஜ்.

சிவகாசிச் சுற்றில் எந்த நோவுக்கும் காரணம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். மருந்து. இருமினால் மருந்து, தோல் உரிந்தால் மருந்து, கை வீங்கினால் மருந்து. "மருந்துல கெடக்குற கை அப்படித்தான் இருக்கும். தீவாளி முடிஞ்சு கம்பெனி அடைக்கட்டும், தன்னால வடிஞ்சிரும்" என்றான் முனியராஜும். தீபாவளி முடிந்தது. கம்பெனி ஒன்றரை மாசம் அடைத்துக் கிடந்தது. வீக்கம் வடியவில்லை. முழங்கால் இரண்டிலும் புதிதாக வந்து உட்கார்ந்தது. கம்பெனி அடைத்துக் கிடக்கும்போதும் மருந்து எப்படிக் கைக்கு வரும் என்று அவன் யோசிக்கவில்லை. குளிர் என்றான். பிறகு போர்வெல் தண்ணி என்றான். ஒருதரம் எலும்பு பிசகு பார்க்கிறவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினான். கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு மடங்கவே மாட்டேன் என்றது.

"விருதுநகர் பெரியாஸ்பத்திரில ஒருக்காக் காமிப்பமா?" என்று அவள் கேட்டாள்.

"சீசன் நேரத்துல ஒரு நாள் பூரா அங்கன போய் உக்காந்திருக்க முடியுமா? சீசன் முடியட்டும்."

ஒரு லாரி டிரைவர்தான் அந்த மெடிக்கலைச் சொன்னான். சாத்தூர் பக்கம் சின்னக் கடை. டாக்டர் சீட்டு ஒன்றும் கேட்பதில்லை. முனியராஜ் அவளைக் கூட்டிப் போகவில்லை. நோவை வாயாலேயே சொன்னான். கடைக்காரர் டப்பாக்களிலிருந்து ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், கடுகு மாதிரி சின்னதாக ஒரு மஞ்சள் என்று எடுத்துப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "காலையில ஒரு பொட்டலம், சாயந்தரம் ஒரு பொட்டலம். நாளைக்கே கேளுங்க."

மூன்றாம் நாள் காலையில் முதல் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே பொன்மணி தெருமுனையில் நின்றாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். படிக்கட்டில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள்.

"அடியாத்தி, என்னடி இது, சாமி கீமி வந்திருச்சா?" என்றாள் சின்னத்தாய்.

"சாத்தூர் மாத்திரை" என்று டிரைவர் சீட்டிலிருந்து முனியராஜ் சொன்னான். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான்.

பின்சீட்டில் பஞ்சம்மாள் இருந்தாள். ஐம்பது வயசு தாண்டியவள், கம்பெனி தொடங்கிய காலத்து ஆள். "ஏலே முனியராஜு, எனக்கும் நாலு வாங்கியா. முட்டுக்காலு உயிரு போகுது" என்றாள். அடுத்த வாரம் சின்னத்தாய் இடுப்புக்குக் கேட்டாள். அப்புறம் வேலுத்தாய். இரண்டு மாசத்தில் ஆறு பேராகிவிட்டது. சனிக்கிழமை டீசல் போடப் போகிறபோது மொத்தமாக வாங்கி வந்து, பொட்டலம் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின்மேலும் பால்பாயிண்ட் பேனாவால் பேரை எழுதி வைப்பான். திங்கட்கிழமை காலையில் படியேறும்போது கையில் கொடுப்பான். 'டாக்டரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "டாக்டரு, இன்னைக்கு ஊசி உண்டா?" என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வேன் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

பொன்மணிக்கு முகம் வட்டமாக உப்பியது. கன்னம் பளபளத்தது. "வேன்காரரு வீட்டுச் சோறு மொகத்துல தெரியுது" என்றார்கள். அந்த வருஷம் பொங்கலுக்கு அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்து, பெரிசாக்கிச் சட்டம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டினான். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று அவனுக்குப் பட்டது.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. காலையில் ஒன்று என்றிருந்தது இரண்டாயிற்று. வலி தெரியவில்லை. ஆனால் விரல்கள் அவற்றின் போக்கில் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. வலி இல்லாததால் அதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்த்தும் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம்.

போன வெள்ளிக்கிழமை தட்டு விழுந்தது.

மருந்து செலுத்திய குழாய்கள் அடுக்கிய தட்டு. பொன்மணி அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது கை கொடுக்கவில்லை. கீழே ரப்பர் ஷீட் விரித்திருந்ததால் 'பொத்' என்றொரு சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே மூன்று ரூம் பெண்கள் வெளியே ஓடி வேலியோரம் போய் விழுந்தார்கள். சின்னத்தாய்க்கு முழங்கை உரிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. பொன்மணி மட்டும் ஓடவில்லை. ஓட முடியவில்லை. கொட்டிய மருந்துக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அருள்பாண்டி முனியராஜைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "தெம்பு இல்லாத கையில தட்டக் குடுத்தா நாளைக்கு நாலு சாவுக்கு நாந்தான் பதில் சொல்லணும். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. அதுவரைக்கும் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் முனியராஜ் முதல் வேலையாக அலமாரியில் இருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்தான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் மாத்திரை தெரிந்துவிடும், எவன் கொடுத்தது என்று கேட்பார்கள். ஆறு பேருக்குக் கொடுத்தவன் அவன். போலீஸ், கேஸ் என்று என்னென்னவோ மனசில் ஓடியது. வேனுக்குப் போய், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் பெட்டியில், ஜாக்கி லிவருக்குக் கீழே பொட்டலங்களைச் செருகினான்.

சனிக்கிழமை காலையில் அவள் அலமாரியைத் தடவிக்கொண்டு நின்றாள். "பொட்டலம் எங்கங்க?"

"ரெண்டு நாளைக்கு வேணாம். ரத்தம் சுத்தமா இருக்கணும். பொறுத்துக்க."

"முடியுமாங்க என்னால?"

"ரெண்டு நாளுதான?"

அவள் பொறுத்தாள். சனிக்கிழமை பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தாள். உடம்பு நனைந்த துணியைப் போலத் துவண்டது. பித்தம் என்றான். எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தான். டம்ளரை அவளால் பிடிக்க முடியாததால் அவனே வாயில் ஊற்றினான்.

திங்கட்கிழமை காலையில் வேன் பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, அதே வண்டியில் பொன்மணியை விருதுநகருக்குக் கொண்டுபோனான். கக்கூஸுக்குக் கூட்டிப்போக ஒரு பெண்துணை வேண்டும் என்று சின்னத்தாய் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். முழங்கைக் காயத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வழி நெடுகப் பொன்மணியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் நடுத்தர வயசுப் பெண். மேஜைமேல் கற்பகவல்லி என்று பேர்ப்பலகை. கூட்டம் சுவரோரம் நெருக்கியடித்து நின்றது. டாக்டர் பொன்மணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கி ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

பொன்மணி வாய் திறப்பதற்குள் முனியராஜ், "மூணு மாசமாத்தாங்கம்மா" என்றான்.

"மூணு மாசத்துல எலும்பு இப்படி அரிக்காதுங்க. இங்க பாருங்க, எலி கொறிச்ச மாதிரி ஓரம் பூராப் போயிருக்கு. இது முடக்குவாதம். ருமட்டாய்டுன்னு சொல்லுவோம். உடம்பு தன்னோட மூட்டையே பகையா நெனச்சு அரிக்கிற சீக்கு. வந்த ஆறு மாசத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காது. நெசத்தச் சொல்லுங்க. எத்தனை நாளு?"

"மூணு, நாலு மாசம் இருக்கும்."

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாங்களா? மெடிக்கல்ல வாங்கி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

பொன்மணி அவனைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்தாள். சின்னத்தாய் முழங்கைப் பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் இப்போது பொன்மணியின் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தைத் தொட்டார். பிடரியை அமுக்கினார். "இந்த மொகம் எப்ப இருந்து இப்படி ஊதியிருக்கு?"

டிவிக்கு மேலே தொங்குகிற போட்டோ முனியராஜுக்குக் கண்முன் வந்து நின்றது.

பொன்மணி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்தாள். சின்னத்தாய் பிடித்திருக்காவிட்டால் தலை மேஜையில் இடித்திருக்கும். நர்ஸ்கள் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். பிரஷர் பார்த்த நர்ஸ் சொன்ன எண் முனியராஜுக்குப் புரியவில்லை. டாக்டரின் முகம் மாறியது மட்டும் புரிந்தது.

"இங்க பாருங்க." டாக்டர் அவன் சட்டையைப் பிடிக்காத குறைதான். "ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்காச் சாப்பிட்டுட்டுச் சட்டுன்னு நிறுத்துனா இப்படித்தான் ஆகும். உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டாங்களா, இல்லையா? எப்ப நிறுத்துனாங்க? இப்பச் சொல்லுங்க."

சுவரோரம் நின்ற கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. கட்டிலில் பொன்மணியின் உதடு வெள்ளையாகக் கிடந்தது. அந்த நேரத்திலும் அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

"சொல்லித் தொலைங்கண்ணே" என்றாள் சின்னத்தாய். அவள் குரல் உடைந்திருந்தது.

"ரெண்டு வருசமாச் சாப்பிடுறா" என்றான். "நாந்தான் வாங்கிக் குடுத்தேன். நோவு வந்து மூணரை வருசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"எங்க ஒளிச்சீங்க?"

"வேன்ல."

"போய்க் கொண்டாங்க."

ஓடினான். டூல் பெட்டியைத் திறந்து ஜாக்கி லிவரைத் தூக்கி எறிந்தான். கிரீஸ் ஒட்டிய பொட்டலங்களோடு மற்றவர்களுக்காக வழக்கம்போலச் சனிக்கிழமை வாங்கி வைத்திருந்த பொட்டலங்களும் கிடந்தன. அன்று காலை கொடுக்க வேண்டியவை. ஆஸ்பத்திரி அவசரத்தில் மறந்திருந்தான். எது யாருடையது என்று பார்க்க நிற்காமல் எல்லாவற்றையும் சட்டையை மடித்து அள்ளிக்கொண்டு திரும்பினான். வராந்தா நெடுகிலும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ திருடிக்கொண்டு ஓடுகிறவனைப் போலத்தான் இருந்திருப்பான்.

பொன்மணிக்கு அதற்குள் ஊசி போட்டு டிரிப் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் பொட்டலங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றைப் பிரித்து அந்தக் கடுகளவு மஞ்சள் மாத்திரையை எடுத்துப் பார்த்தார். பிறகு பேப்பரின்மேல் இருந்த எழுத்தைப் படித்தார்.

"பஞ்சம்மாள். இது யாரு?"

அவன் கையில் ஒட்டிய கிரீஸைச் சட்டையில் துடைத்தான்.

"வேலுத்தாய். இது? சின்னத்தாய்?"

"நாந்தாம்மா" என்றாள் சின்னத்தாய். "எங்க வேன்ல ஆறு பேரு சாப்பிடுறோம். அண்ணன்தான் வாங்கியாந்து குடுக்கும்."

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்தார். அவன் எழுத்து அவனுக்கே அசிங்கமாகத் தெரிந்தது. கோணல்மாணலாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல.

"உங்க சம்சாரம் பிழைச்சுக்குவாங்க. வார்டுல சேத்துக்கிறோம். இனிமே மூட்டு அரிக்காம இருக்க மருந்து குடுப்போம். போன எலும்பைக் குடுக்க முடியாது. தட்டுத் தூக்குற கை இல்ல இது இனிமே." பொட்டலங்களைக் காட்டினார். "மத்தவங்க யாரும் இன்னைக்கோட நிறுத்துறேன்னு நிறுத்திறக் கூடாது. இப்பத்தான பாத்தீங்க. நாளன்னைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டுப் படிப்படியாக் கொறைக்கலாம். அதுவரைக்கும் இதையேதான் சாப்பிடணும். எடுத்துட்டுப் போங்க."

பொட்டலங்களை அவன் பக்கம் தள்ளினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோது அவை கனத்தன.

சாயந்தரம் வார்டில் பொன்மணி கண் திறந்தாள். "கேஸு ஏதும் போடுவாகளா?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல."

"அப்ப சரி" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த மார்கழிக் காலையில் தான் ஓடிவந்தபோது ஏன் நிற்கவில்லை என்று மூன்றரை வருஷத்தில் அவள் ஒருமுறையும் கேட்டதில்லை. இப்போதாவது கேட்பாள் என்று போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் கேட்கவில்லை. சாய்ந்துபோன விரல்கள் போர்வைக்கு மேலே கிடந்தன. தொட்டுப் பார்க்கக் கை எழவில்லை.

மறுநாள் சின்னத்தாயை வார்டில் துணைக்கு விட்டுவிட்டு வேனை எடுத்தான். தெருமுனைகளில் நின்றான். ஹாரன் அடிக்கவில்லை. பெண்கள் சந்தேகமாக எட்டிப் பார்த்து, தாங்களாகவே வந்து ஏறினார்கள்.

"என்ன டாக்டரு, ஹாரன் ரிப்பேரா?" என்று வேலுத்தாய் கேட்டாள். இன்னொருத்தி, "பொன்மணிக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

ஆமத்தூர் தாண்டியதும் வேனை வேப்பமரத்து ஓரமாக நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். கேட்டில் அருள்பாண்டி வாட்சைப் பார்க்கட்டும் என்று இருந்தது. சீட்டிலிருந்து திரும்பி அவர்களைப் பார்த்து உட்கார்ந்தான். பேச வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

"நான் குடுத்த மாத்திரைதான் அவளைச் சாவு வரைக்கும் கொண்டுபோயிருச்சு" என்றான். "நோவை அது ஆத்தல. மறைச்சுத்தான் வச்சிருக்கு. வலிக்கலன்னு இருந்தோம், உள்ள எலும்பு பூராப் போயிருச்சு. உங்களுக்கும் நாந்தான் குடுத்தேன். நாளைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வரணும். நானே கூட்டிட்டுப் போறேன். டாக்டரம்மா பாக்கணும்னு சொல்லிட்டாக."

டாக்டரு என்று யாரும் கூப்பிடவில்லை. மெயின் ரோட்டில் ஒரு லாரி போனது. ஒருத்தி தன் கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவ சடை பின்ன முடியலன்னு நின்னாளே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "நாமதான சிரிச்சோம்."

பஞ்சம்மாள் பின்சீட்டிலிருந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தாள்.

"நாளைக்கு வாரேன். எங்கன வேணும்னாலும் வாரேன்" என்றாள். "நேத்தும் குடுக்கலயேலே. முட்டு மடங்கல. இன்னைக்கிப் பொட்டலம் இருக்கா?"

டாக்டர் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. நாளை வரைக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவள் பேர் எழுதிய பொட்டலத்தைத் தேடி எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டாள். மடித்த பேப்பரைப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் வழுக்கின. மறுபடி பார்த்தாள். பொட்டலத்தை அப்படியே அவனிடம் திரும்ப நீட்டினாள்.

"நீயே பிரிச்சுக் குடுலே."

மற்ற பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முனியராஜ் அதைப் பிரித்து, வெள்ளையையும் ரோஸையும் அந்தக் கடுகளவு மஞ்சளையும் அவள் உள்ளங்கையில் வைத்தான்.